தலைக்குக் கரண்டு வைத்துப் பல ஆண்டுகள் கழித்து வரும் மூளைக் கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்கு வருகிறவர்களும், தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கும் வேலூருக்கும் அலைகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கரண்டு என்று நம் பக்கத்தில் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான். திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்லும் நோயியல் துறையில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். என்ன சிகிச்சை என்பதை உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் தம்பிக்கு எட்டு வயதில் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி வந்தது. ஆபரேஷன், கரண்டு, கீமோ எல்லாம் முடிந்து நன்றாக இருந்தான். இப்போது 22 வயதில் அதே இடத்துக்குப் பக்கத்தில் கட்டி. பழையதுதான் திரும்பிவிட்டதா?

திரும்பியிருக்கலாம். ஆனால் 14 ஆண்டு இடைவெளி என்றதும் எனக்கு வரும் முதல் சந்தேகம் வேறு. மெடுல்லோபிளாஸ்டோமா திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். ஐந்து ஆண்டு தாண்டியும் திரும்புவது உண்டு, அது குறைவு. பத்து ஆண்டுக்கு அப்புறம், கரண்டு பட்ட இடத்துக்குள்ளேயே ஒரு கட்டி தலைகாட்டினால், அந்தக் கதிர்வீச்சே உண்டாக்கிய இரண்டாவது கட்டியா என்று கேட்டாக வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பில் இந்த இரண்டையும் பிரிப்பது எப்போதும் எளிதல்ல. இரண்டிலும் சிறிய, கருநீலச் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கலாம். 'மெடுல்லோபிளாஸ்டோமா' என்று எழுதிய பழைய ரிப்போர்ட் மேசையில் இருந்தால் பார்க்கிறவர் கண்ணும் அதையே தேடும். 'திரும்பிய மெடுல்லோபிளாஸ்டோமா' என்று பெயர் வாங்கிய சில கட்டிகளை, மரபணுக்களைப் பார்க்கும் மூலக்கூறு சோதனைக்கு அனுப்பியபோது, அவை உயர்நிலைக் கிளையோமா (மூளையின் துணைச் செல்களைப் போன்ற செல்களால் ஆன, வேகமாக வளரும் புற்றுக்கட்டி) என்ற வேறு நோயாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மெடுல்லோபிளாஸ்டோமாவில் டபிள்யூஎன்டி, எஸ்ஹெச்ஹெச், குரூப் 3, குரூப் 4 என்று நான்கு மூலக்கூறுப் பிரிவுகள் உண்டு. நோய் திரும்பி வந்தாலும் பிரிவு மாறுவதில்லை. எனவே பழைய திசுவும் புதிய திசுவும் கையில் இருந்தால், அதே பிரிவா அல்லது முற்றிலும் வேறா என்று பார்த்துவிடலாம். ஸ்கேனை மட்டும் பார்த்து 'பழையது திரும்பிவிட்டது' என்று முடிவு சொன்னால், பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு) எடுக்க முடியுமா என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். மூளைத்தண்டு போன்ற இடங்களில் எடுக்க முடியாமல் போகலாம். அப்படியானால் அந்தக் காரணத்தை அவர்கள் சொல்வார்கள்.

கரண்டு வைத்ததால்தான் வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

1948இல் கேஹன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், கதிர்வீச்சு பட்ட எலும்பில் பிற்பாடு சார்கோமா என்ற புற்று வந்த 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் அன்று வகுத்த விதிகளைத்தான் சில திருத்தங்களோடு இன்றும் மூளைக்குப் பயன்படுத்துகிறோம். புதிய கட்டி, கதிர் பட்ட பரப்புக்குள் இருக்க வேண்டும். இடையில் பல ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். பழைய கட்டியும் புதிய கட்டியும் வெவ்வேறு வகையாக இருக்க வேண்டும். கட்டிகளை வரவழைக்கும் பிறவி மரபணுக் கோளாறு அந்த நோயாளிக்கு இருக்கக் கூடாது என்பது பிற்பாடு சேர்ந்தது.

மூன்றாவது விதிதான் சிக்கல். பழையதும் கிளையோமா, புதியதும் கிளையோமா என்றால் வேறு வகை என்று கண்ணால் எப்படிச் சொல்வது? மூலக்கூறு சோதனை வந்தபிறகுதான் இதற்கு உருப்படியான பதில் கிடைத்தது. இரண்டு கட்டிகளின் மரபணு மாற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றிலிருந்து மற்றொன்று வளர்ந்ததா, தனித்தனியே பிறந்தவையா என்பது தெரியும்.

எத்தனை ஆண்டு கழித்து வரும்?

கட்டியைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970 முதல் 1986 வரை புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுப் பிழைத்த 14,000க்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பிற்பாடு கிளையோமா வந்தவர்களுக்கு நடு இடைவெளி 9 ஆண்டு, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் வந்துவிட்டது. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவுக்கு 17 ஆண்டு. குறைந்த அளவுக் கதிர் பட்டவர்களுக்கு மெனிஞ்சியோமா 30 ஆண்டு தாண்டியும் வருகிறது.

குறைந்த அளவு என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1948 முதல் 1960 வரை இஸ்ரேலுக்கு வந்து குடியேறிய குழந்தைகளில் ஏறத்தாழ 11,000 பேருக்குத் தலைப்படை நோய்க்காக எக்ஸ்ரே கதிர் கொடுத்தார்கள். அன்று அதுதான் மருந்து. மூளையில் விழுந்தது சராசரியாக 1.5 கிரே மட்டுமே (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு கிரே). ஒரு புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒரே நாளில் கொடுப்பது கிட்டத்தட்ட 2 கிரே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1988இல் வெளியான கணக்கின்படி அந்தக் குழந்தைகளுக்கு மெனிஞ்சியோமா வரும் ஆபத்து 9.5 மடங்கு, கிளையோமா ஆபத்து 2.6 மடங்கு. தலைச் சொறிக்குக் கொடுத்த வைத்தியம் இது. கதிர்வீச்சு மூளைக் கட்டியை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று குறைவு.

அப்படியானால் அன்று பிள்ளைக்குக் கரண்டு வைக்கச் சம்மதித்தது எங்கள் தவறா?

இல்லை. கதிர்வீச்சு இல்லாத காலத்தில் மெடுல்லோபிளாஸ்டோமாவிலிருந்து பிழைத்தவர்கள் கிட்டத்தட்ட யாரும் இல்லை. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் தலைக்குக் கதிர் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் 1960களில் குணமாகிறவர்களின் எண்ணிக்கை ஏறியது. பிற்பாடு முதுகுத்தண்டு வழியாகக் கொடுக்கும் மருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அதைத் தவிர்க்க முடிந்தது. அன்றைக்கு அந்த மாற்று இல்லை. இரண்டாவது கட்டி வரும் வயது வரை உங்கள் பிள்ளை வாழ்ந்தது அந்தக் கரண்டால்தான்.

மூலக்கூறு சோதனையில் அப்படி என்ன பார்க்கிறார்கள்?

முதல் படி, திசுவின் மேல் சாயம் ஏற்றிப் புரதங்களைப் பார்ப்பது. இது பெரிய ஊர்களின் ஆய்வகங்களிலேயே நடக்கும். ஐடிஹெச்1, ஏடிஆர்எக்ஸ், பி53, ஹெச்3 கே27எம் ஆகியவை வழக்கமான பட்டியல். இரண்டாம் படி, மரபணு வரிசையைப் படிப்பது. மூன்றாவது, டிஎன்ஏவின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளின் அமைப்பைப் பார்ப்பது. இதை மெத்திலேஷன் சோதனை என்பார்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருவர் நாலு வார்த்தை பேசினால் போதும், இவர் நாஞ்சில் நாட்டுக்காரர், இவர் கோவில்பட்டிப் பக்கம் என்று நாம் சொல்லிவிடுவோம். எந்த ஊருக்குக் குடிபோனாலும் பேச்சின் சாயல் போகாது. மெத்தில் அமைப்பும் அப்படித்தான். செல் எந்த வழியில் பிறந்ததோ அதன் சாயல், கட்டியாக மாறிய பின்னும் அதில் தங்கியிருக்கும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மூளைக் கட்டிகளின் மெத்தில் அமைப்பைச் சேர்த்து, புதிய கட்டி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கணினியே சொல்லும் முறையை 2018இல் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு மூளைக் கட்டி வகைப்பாடும் இந்தச் சோதனைக்கு முக்கிய இடம் கொடுத்திருக்கிறது.

கதிர்வீச்சு டிஎன்ஏவின் இரு இழைகளையும் சேர்த்து அறுக்கிறது. அறுந்த துண்டுகள் தாறுமாறாக ஒட்டிக்கொள்கின்றன. சில துண்டுகள் காணாமல் போகின்றன. இந்தத் தழும்பு கட்டியில் தெரிகிறது. கரண்டுக்குப் பின் வரும் கிளையோமாக்களில் பெரியவர்களிடம் அடிக்கடி காணப்படும் ஐடிஹெச் மாற்றம் பொதுவாக இருப்பதில்லை. ஹெச்3 மாற்றமும் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருப்பது, சிடிகேஎன்2ஏ இழப்பு, டிபி53 மாற்றம் ஆகியவை அடிக்கடி தென்படுகின்றன. மெனிஞ்சியோமாவிலும் வேறுபாடு உண்டு. தானாக வருபவற்றில் ஒரு பகுதியில் காணப்படும் ஏகேடி1, ட்ராஃப்7, கேஎல்எஃப்4 மாற்றங்கள் கதிர்வீச்சால் வந்தவற்றில் காணப்படவில்லை. என்எஃப்2 மரபணு ஓர் எழுத்து மாறிப் பழுதாவதற்குப் பதில், உடைந்து இடம் மாறிப் பழுதாகியிருப்பதை 2017இல் கண்டார்கள்.

இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்று 'இது கதிர்வீச்சால் வந்தது' என்று நிரூபிக்காது. பழைய சிகிச்சையின் விவரம், கட்டி இருக்கும் இடம், இந்த மரபணு அமைப்பு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பரிசோதனைச் சாலையிலிருந்து ஒரு தாள் வந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை டாக்டர்களிடையேகூட இருக்கிறது. அது சரியல்ல.

ரிப்போர்ட்டில் 'குழந்தை வகை உயர்நிலைக் கிளையோமா' என்று எழுதியிருக்கிறது. எங்கள் அண்ணாச்சிக்கு 36 வயது. வேறு யாருடைய ரிப்போர்ட்டோ மாறி வந்துவிட்டதா?

மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெயரையும் பயாப்சி எண்ணையும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள். கதிர்வீச்சுக்குப் பின் வரும் கிளையோமாக்கள் நோயாளியின் வயது எதுவாக இருந்தாலும் மெத்தில் அமைப்பில் பெரும்பாலும் குழந்தை வகைக் கூட்டத்தில், குறிப்பாக ஆர்டிகே1 என்ற உட்பிரிவில் போய் விழுகின்றன. உங்கள் அண்ணாச்சிக்குச் சிறுவயதில் தலைக்குக் கரண்டு வைத்ததை யாராவது சொன்னார்களா? சொல்லாமல் விட்டிருந்தால் இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் அந்தக் கேள்வியையே கேட்பார். சில குடும்பங்களில் நடப்பது இதுதான்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது பழைய சிகிச்சையைப் பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை. இப்போது மருமகள் முன்னால் சொல்லத்தான் வேண்டுமா?

மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம். ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். பத்து வயதில் தலைக்குக் கரண்டு வைத்தது தெரியாமல் ஒரு கட்டிக்குப் பெயர் வைப்பவர், பாதி விவரத்தோடு பெயர் வைக்கிறார். இரண்டாம் முறை கதிர் கொடுக்கும்போது பழைய அளவு தெரியாவிட்டால் மூளைத் திசுவே கருகிப்போகும் ஆபத்தும் உண்டு. மருமகளிடம் எப்போது எப்படிச் சொல்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். மருத்துவமனைக்குக் கூடவே அலைவதும் அவரே என்றால், என்றோ ஒரு நாள் தெரியத்தான் போகிறது.

பழைய பேப்பர் எதுவும் இல்லை. போகிக்கு எரித்தது கொஞ்சம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் போனது மீதி. என்ன செய்வது?

தாமிரபரணிக் கரையில் அந்த டிசம்பரில் எத்தனை வீட்டுப் பீரோக்கள் நனைந்தன என்று நமக்குத் தெரியும். பேப்பர் போனாலும் வழி இருக்கிறது.

கரண்டு வைத்த மருத்துவமனையின் கதிர்வீச்சுத் துறையில் சிகிச்சைப் பதிவேடு தனியாக இருக்கும். பொது மருத்துவப் பதிவறையில் கிடைக்காதது அங்கே கிடைக்கலாம். அந்தக் காலத்தில் பதிந்த பெயர், தகப்பனார் பெயர், ஊர், தோராயமான ஆண்டு ஆகியவற்றோடு நேரில் போய்க் கேளுங்கள். பள்ளிக்கூடப் பெயர் வேறு, வீட்டுப் பெயர் வேறு என்றால் இரண்டையும் சொல்லுங்கள். வேண்டியவை நான்கு விவரங்கள்: மொத்த அளவு, எத்தனை தவணை, எந்தத் தேதிகளில், தலையின் எந்தப் பகுதி. பழைய தாள்களில் 5,400 ராட் என்றோ 5,400 சென்டிகிரே என்றோ எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டுமே 54 கிரேதான்.

பதிவேடும் கிடைக்கவில்லையென்றால் நோயாளியின் உடம்பே சில விவரங்களைச் சொல்லும். கதிர் பட்ட இடத்தில் முடி திரும்ப முளைக்காமல் திட்டாக இருக்கலாம். முதுகுத்தண்டுக்கும் கதிர் கொடுத்திருந்தால் அந்த எலும்புகளின் மஜ்ஜை கொழுப்பாக மாறியிருப்பது எம்ஆர்ஐயில் தெரியும். சிகிச்சைக் காலத்துப் போட்டோக்கள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள்.

பழைய பிளாக்கை எப்படி வாங்குவது?

ஆபரேஷனில் எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, விரல் நுனி அளவுள்ள கட்டியாக ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். அதுதான் பிளாக். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகள் ஸ்லைடு. இரண்டையும் கேளுங்கள், மரபணு சோதனைக்குப் பிளாக்தான் முக்கியம். பயாப்சி எண் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். அது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இப்போது வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடமிருந்து ஒரு கடிதமும் நோயாளியின் அடையாள அட்டை நகலும் வேண்டியிருக்கும். ஆய்வகங்கள் பிளாக்கை எந்நாளும் வைத்திருப்பதில்லை, ஆகவே தேவை வருமுன்பே கேட்டு வாங்கி வைப்பது நல்லது. பல ஆண்டு பழைய பிளாக்கிலிருந்தும் டிஎன்ஏ எடுக்க முடிகிறது. எப்போதும் முடியும் என்று சொல்ல மாட்டேன்.

கொண்டுபோகும்போது பஞ்சு வைத்த சிறு டப்பாவில் கைப்பையில் வையுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்தால் மெழுகு இளகிவிடும். புதிதாக ஆபரேஷன் முடிந்து திசுவை உங்கள் கையிலேயே பாட்டிலில் கொடுத்தனுப்பினால், உள்ளே இருப்பது ஃபார்மலினா, சலைன் என்ற உப்பு நீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சலைனில் கிடந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு பயணம் செய்த திசு, சென்னை போய்ச் சேரும்போது எதற்கும் உதவாது.

சோதனை எங்கே நடக்கும்? காப்பீட்டில் வருமா?

புரதச் சாயச் சோதனைகளுக்கு மதுரையோ திருவனந்தபுரமோ போதும். மரபணு வரிசைச் சோதனைக்கு வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குப் பிளாக் போகும். தனியார் ஆய்வகங்களும் செய்கின்றன. நோயாளி போக வேண்டியதில்லை, பிளாக் போனால் போதும். மெத்திலேஷன் சோதனை செய்யும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷனும் கதிர்வீச்சும் உண்டு. இந்தச் சோதனைகளைப் பற்றி மாதிரி கொடுக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பணம் தட்டுப்பாடு என்றால் என் கருத்து இது: முதலில் சாயச் சோதனைகள். அவற்றிலேயே விடை தெளிவாகக் கிடைத்தால் அங்கேயே நிறுத்தலாம். விடை மாறினால் சிகிச்சையும் மாறும் என்ற இடத்தில் மட்டும் கடன் வாங்குங்கள்.

ஸ்கேனில் தெரிவது கட்டியே இல்லாமலும் இருக்கலாம் என்கிறார்களே?

உண்மை. கதிர் பட்ட மூளைத் திசு சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ செத்து வீங்கி, கட்டியைப் போலவே எம்ஆர்ஐயில் ஒளிரும். இது கதிர்வீச்சுச் சிதைவு. ஸ்டீராய்டில் அடங்குவது உண்டு. சிறிய ரத்தக்குழாய் முடிச்சுகளும் பிற்காலத்தில் தோன்றலாம். பெர்பியூஷன், ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்ற கூடுதல் எம்ஆர்ஐ முறைகள் ஓரளவு பிரித்துக்காட்டும்.

கூடங்குளத்தால் வந்திருக்குமோ? கடற்கரை மணலால்? செல்போன் டவரால்?

ராதாபுரம், உவரிப் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு குடும்பமும் இதைக் கேட்கிறது. கேட்பதில் தவறில்லை. அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு பற்றி இடிந்தகரை மக்கள் எழுப்பிய கேள்விகள் தனி. இந்தக் கட்டியின் கணக்கு வேறு. நிலையத்தால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரலாம் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக 2 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வருகிறது. சிகிச்சையில் தலையின் ஒரு பகுதிக்குக் கொடுத்தது 54 கிரே, அதாவது 54,000 மில்லிகிரே. ஒப்பிட்டுப் பார்க்க, இந்த வகைக் கதிருக்கு ஒரு மில்லிகிரேயை ஏறத்தாழ ஒரு மில்லிசீவர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டி அந்தப் பகுதிக்குள்ளேயே இருந்தால் அணுமின் நிலையத்தில் காரணம் தேட வேண்டியதில்லை.

மணவாளக்குறிச்சி மணலிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலும் மோனசைட் தாது இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். கருநாகப்பள்ளியில் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. செல்போன் அலைக்கு டிஎன்ஏவை அறுக்கும் ஆற்றல் கிடையாது.

நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கதிர்வீச்சால் வந்த கட்டிக்கும் சொந்தத்துத் திருமணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு பிறவிக் கோளாறை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. டிஎன்ஏ நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணு ஒன்றில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால், குழந்தைக்குச் சிறுவயதிலேயே மூளைக் கட்டி, குடல் கட்டி, ரத்தப் புற்றுநோய் என ஒன்றுக்குப் பின் ஒன்று வரலாம். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று முடிக்கும் நம் பக்கத்துத் திருமணங்களில் இதற்கு இடம் கூடுதல். உடம்பில் பால்காப்பி நிறத் திட்டுகள், சிறுவயதில் புற்றுநோயில் இறந்த உடன்பிறப்பு ஆகியவை அடையாளம். இத்தகைய கிளையோமாவுக்கு வழக்கமான டெமோசோலமைட் மாத்திரை சரியாக வேலை செய்வதில்லை; நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் சிலருக்கு நன்றாகக் கேட்கின்றன. எனவே 'கரண்டால் வந்தது' என்று முடிப்பதற்கு முன் இதைக் கேட்டாக வேண்டும். டிபி53 மரபணுவில் பிறவிப் பழுது உள்ள குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குக் கதிர்வீச்சை முடிந்தவரை தவிர்ப்பார்கள். ஒருவருக்கு அந்தப் பழுது இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

வைத்தியம் உண்டா?

மெனிஞ்சியோமா என்றால் ஆபரேஷன் முதல் வழி; பலர் நன்றாக இருக்கிறார்கள். கதிர்வீச்சால் வந்தவை திரும்பும் போக்கு அதிகம், ஒன்றுக்கு மேல் இருப்பதும் உண்டு, அதனால் தொடர்ந்து எம்ஆர்ஐ வேண்டும். உயர்நிலைக் கிளையோமா கடினமான நோய். முடிந்த அளவு அகற்றி, பழைய அளவைக் கணக்கிட்டு மீண்டும் கதிர் கொடுப்பதும் உண்டு, கீமோவும் உண்டு; ஆனாலும் பலருக்கு ஓராண்டை ஒட்டியே காலம் அமைகிறது. மருத்துவர் இதைச் சுற்றி வளைத்துச் சொன்னால் நேரடியாகக் கேளுங்கள், வீட்டில் முடிவெடுக்க வேண்டியவை இருக்கும். வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

பையன் விழுந்து தலையில் அடிபட்டபோது சிடி ஸ்கேன் எடுத்தோம். அதுவும் கதிர்வீச்சுதானே?

ஆம், மிகச் சிறிய அளவு. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் நடந்த பெரிய ஆய்வின்படி, ஒரு முறை தலைக்கு சிடி எடுத்த 10,000 குழந்தைகளில் அடுத்த 5 முதல் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒருவருக்கு அதனால் மூளைப் புற்றுநோய் வரலாம். ரத்தக்கசிவைத் தவறவிடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. அவசியத்துக்கு எடுத்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு தலைவலிக்கும் எடுக்கச் சொல்லி நீங்களே கேட்காதீர்கள்.

சிறுவயதில் கரண்டு வைத்தது, இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. என்ன பார்த்துக்கொள்வது?

புதிதாக வலிப்பு, காலையில் வாந்தியோடு தலைவலி, பார்வை மங்கல், நடையில் தள்ளாட்டம், கையெழுத்து மாறுவது ஆகியவற்றில் எது வந்தாலும் கண்ணாடிக் கடைக்கோ வாயு மாத்திரைக்கோ போய் மாதங்களைக் கடத்தாமல், பழைய சிகிச்சையைச் சொல்லி எம்ஆர்ஐ கேளுங்கள். எம்ஆர்ஐயில் இந்த வகைக் கதிர்வீச்சு இல்லை. தொந்தரவே இல்லாதவர்களுக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. உங்கள் பழைய அளவைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். தைராய்டு, பிட்யூட்டரி ஹார்மோன்கள் குறைவது கட்டியைவிட அதிகமாக நடக்கும். அதற்கு ரத்தப் பரிசோதனை போதும், ஆண்டுக்கொரு முறை பார்த்துவிடுங்கள்.